கைவினையும் வினைச்சொல்லும்: காஸ்பிளே குறித்துச் சில எண்ணங்கள்



இவ்வாண்டுச் சொற்பொழிவு வரிசையில் உரையாற்ற வேண்டும் என்று மன்றத்தார் கேட்டபோது, வேற்றுமை உருபுகளைப் பற்றியோ சிங்கப்பூர்த் தமிழின் கூட்டுவினைகளைப் பற்றியோ நான் பேசக்கூடும் என்று அவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். காஸ்பிளே என்று நான் சொன்னதும் தொலைபேசியின் மறுமுனையில் சற்று நேரம் ஓசையே இல்லை. பிறகு, "ஐயா, அந்தச் சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது?" என்று செயலாளர் கேட்டார். நல்ல கேள்வி. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கதையிலோ படத்திலோ கணினி விளையாட்டிலோ வரும் ஒரு பாத்திரத்தின் உடை, அணிகலன், ஆயுதம், தலைமுடி ஆகியவற்றைச் செய்து அணிந்து, அப்பாத்திரமாகவே மக்கள் முன் தோன்றும் கலையைக் காஸ்பிளே என்கிறோம். சொல்லை ஆக்கியவர் ஜப்பானியர். ஆனால் மூலப்பொருள் ஆங்கிலம். உடையைக் குறிக்கும் காஸ்ட்யூம் என்பதன் தலையையும், ஆடலையும் நடிப்பையும் குறிக்கும் பிளே என்பதையும் எடுத்துத் தம் நாவுக்கேற்ப மாற்றிக் 'கொசுபுரே' என்று ஒட்டினர். ரிமோட் கண்ட்ரோல் என்பதை 'ரிமோகொன்' என்றும், பெர்சனல் கம்ப்யூட்டர் என்பதைப் 'பாசொகொன்' என்றும் குறுக்கிய அதே பட்டறையில் பிறந்த சொல் இது. நான்கு மாத்திரைக்குள் சொல் அடங்கிவிட்டால் ஜப்பானிய நாவுக்கு நிறைவு. 1983-இல் தக்காஹாஷி நொபுயுக்கி என்பவர் மை அனிமே என்னும் இதழில் எழுதியதிலிருந்து இச்சொல் பரவியது என்பர். மாஸ்கரேட் என்பதற்கு நேரான ஜப்பானியச் சொல்லில் பழைய பிரபுக்களின் வாடை வீசியதால் அவர் அதை விலக்கினாராம். பின்னர் இச்சொல் ஆங்கிலத்துக்கே திரும்பிச் சென்றது. கடன் கொடுத்தவர்கள் தங்கள் பொருளை உருமாறிய நிலையில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

தமிழில் இதற்கு என்ன பெயர் இடலாம் என்று நானும் சில நாள் எண்ணினேன். கலைச்சொல்லாக்கக் கூட்டங்களில் அமர்ந்தவனுக்கு அந்தப் பழக்கம் எளிதில் விடுவதில்லை. வேடப்புனைவு என்று சொல்லலாம். ஆனால் அச்சொல்லின் இரு பகுதிகளிலும் ஒரு சிக்கல் உண்டு. வேடம் என்னும் சொல்லை நாம் இன்று எங்கெல்லாம் ஆள்கிறோம் என்று பாருங்கள். "வேஷம் போடாதே" என்பது திட்டு. வேடதாரி என்பது வசை. புனை என்பதோ தமிழின் மிக அழகிய வினைகளுள் ஒன்று. செய்தல், அணிதல், மாலை தொடுத்தல், ஓவியம் தீட்டுதல், பாடல் இயற்றுதல் ஆகிய அனைத்தும் அவ்வொரு வினையில் அடங்கும். ஆயினும் புனைசுருட்டு என்றால் பித்தலாட்டம். தன்னை வேறொன்றாக ஆக்கிக்கொள்பவன் நம்மை ஏமாற்ற வருகிறான் என்னும் ஐயம் நம் சொற்களுக்குள்ளேயே குடியிருக்கிறது. ஆண்டிறுதியில் சன்டெக் மாநாட்டு மையத்தைச் சுற்றிலும் பச்சை முடியும் பெரிய வாளுமாக இளையர்கள் நடப்பதைப் பெருவிரைவு ரயிலிலிருந்து இறங்கிய நான் பல ஆண்டுகள் கண்டதுண்டு. அப்போதெல்லாம் என் முகம் சுளித்தது. படிக்கிற காலத்தில் வேஷம் போட்டுத் திரிகிறார்களே என்றே எண்ணினேன். அந்தச் சொல்லே என் எண்ணத்தையும் முடிவு செய்துவிட்டது.

இக்கலையின் வரலாற்றை விரிவாகச் சொல்லப் போவதில்லை. ஒரு செய்தியை மட்டும் சொல்கிறேன். 1939 ஜூலையில் நியூயார்க் நகரில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு கூடியது. அதற்கு லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து வந்த ஃபாரஸ்ட் அக்கர்மன் என்னும் இளைஞரும் அவருடைய தோழி மர்ட்டில் டக்ளஸும் எதிர்கால மாந்தரின் உடையில் தோன்றினார்கள். 1936-இல் வெளிவந்த திங்ஸ் டு கம் என்னும் திரைப்படத்தையும், ஃபிராங்க் பால் என்னும் ஓவியர் இதழ்களுக்கு வரைந்த படங்களையும் தழுவிய உடைகள் அவை. இரண்டையும் உருவாக்கியவர் மர்ட்டில். ஆனால் நெடுங்காலம் அந்நிகழ்ச்சி அக்கர்மன் பெயராலேயே நினைவுகூரப்பட்டது. உடுத்தியவர் பெயர் முன்னே நின்றது. தைத்தவர் பெயர் மிகவும் பின்னரே வந்து சேர்ந்தது. மொழியியலாளனுக்கு மகிழ்ச்சி தரும் ஒரு துணுக்கும் இதில் உண்டு. அவ்வம்மையார் எஸ்பெராண்டோ மொழியில் பற்றுடையவர். மொரோஜோ என்னும் எஸ்பெராண்டோப் புனைபெயராலேயே அவ்வட்டாரத்தில் அறியப்பட்டார். செயற்கை மொழி ஒன்றை விரும்பிக் கற்றவரே இல்லாத உலகத்தின் உடையையும் தைத்திருக்கிறார்.

அதன் பிறகு நடந்தவற்றை மாணவர்களாகிய நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். 1975-இல் டோக்கியோவில் தொடங்கிய காமிக்கெட் சந்தை, மலேசியாவில் 2002-இல் தொடங்கிய காமிக் ஃபியஸ்டா, 2003-இல் நகோயாவில் தோன்றிய உலகக் காஸ்பிளே உச்சிமாநாடு, 2008-இல் நம் சிங்கப்பூரில் தொடங்கிய அனிமே விழா என்று அது வளர்ந்தது. நகோயாப் போட்டியில் நாட்டுக்கு ஒரு இணையர் மேடையேறுவர்; உடையைத் தம் கையால் செய்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த விதி பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

என் பேத்தி அப்போது உயர்நிலை மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். ஏப்ரல் மாதத்தில் ஒருநாள் மாலை, வீவக வீட்டின் கூடத்தில் என் மனைவி அவளைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். சமையலறையில் உணவை மூடிவைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் பிள்ளையின் தோளையும் மார்பையும் இடுப்பையும் சுற்றியிருந்தார்கள். அதன்மேல் ஒட்டுநாடாவை வரிசை வரிசையாக ஒட்டினார்கள். பிறகு பேத்தி கண்ணாடி முன் நின்று, மையெழுதுகோலால் அந்த ஓட்டின்மேல் கோடுகள் வரைந்தாள். இறுதியில் பாட்டி முதுகுப்புறத்தில் கத்தரிக்கோலை நுழைத்து மெல்லக் கத்தரிக்க, நண்டு ஓட்டைக் கழற்றுவதுபோல் அவள் அதிலிருந்து வெளியே வந்தாள். அவளுடைய உடலின் அச்சு கூடத்து மேசைமேல் கிடந்தது. அச்சை வரைந்த கோடுகளின்படி துண்டாக்கித் தட்டையாகப் பரப்பினால் அதுவே கவசத்துக்கான வெட்டுப்படம்.

தட்டையாகப் பரப்பினால் என்று சொல்லிவிட்டேன். அங்கேதான் முதல் தொல்லை. வளைந்த பரப்பு தானாகத் தட்டையாவதில்லை. எங்கேனும் கீறிவிட்டால்தான் படியும். ஆரஞ்சுத் தோலை மேசைமேல் விரித்துப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். தையற்காரர்கள் இரவிக்கைக்கு டாட் பிடிப்பதும் இதே கணக்கால்தான். எந்த இடத்தில் கீறுவது, எத்தனை கீறல் என்பதை முடிவு செய்ய அவளுக்கு இரண்டு வாரம் ஆயிற்று. அந்த வயதில் வடிவியல் தேர்வுக்கு அவள் இரண்டு வாரம் செலவிட்டதாக எனக்கு நினைவில்லை.

அவள் செய்யத் துணிந்தது 2004-இல் ஜப்பானில் வெளிவந்த ஃபேட் ஸ்டே நைட் என்னும் கணினி விளையாட்டில் வரும் சேபர் என்னும் பாத்திரம். பிரித்தானியத் தொன்மக் கதைகளின் ஆர்தர் மன்னன் அதில் பெண்ணாக வருகிறான். வருகிறாள் என்றே சொல்ல வேண்டும். நீல நெட்டாடை, அதன்மேல் வெள்ளி நிற மார்புக் கவசம், முன்கைக் கவசம், இடுப்பிலிருந்து தொங்கும் தகடுகள், கையில் வாள். கதையில் அந்த வாள் பெரும்பாலும் காற்றால் மறைக்கப்பட்டுக் கண்ணுக்குப் புலப்படாது. அப்படியானால் வாளைச் செய்யாமல் விட்டுவிடலாமே என்று கேட்டேன். அவள் விடை சொல்லவில்லை. என்னை ஒருமுறை பார்த்தாள். அதன்பிறகு நான் அத்தகைய கேள்விகளைக் கேட்கவில்லை.

இக்கவசம் இரும்பன்று. ஈவிஏ என்னும் நுரைப்பலகை. குழந்தைகளின் அறையில் தரையில் கோத்துப் பரப்பும் வண்ணப் பாய்கள் இப்பொருளால் ஆனவை; செருப்பின் அடிப்பகுதியிலும் இது உண்டு. மார்புக்குப் பத்து மில்லிமீட்டர் கனம், கைகளுக்கு ஐந்து, மேலே ஒட்டும் அலங்காரக் கோடுகளுக்கு இரண்டு. மென்மையான பொருள்தான், ஆனால் கத்தியை விரைவில் மழுங்கச் செய்துவிடும். மழுங்கிய கத்தி நுரையை அறுக்காமல் பிய்க்கும். பிய்ந்த ஓரம் எத்தனை பூச்சுப் பூசினாலும் காட்டிக்கொடுக்கும். ஒரு மாலை வேலைக்குள் நான்கு ஐந்து முறை அலகை மாற்றினாள்.

வேலையை அவள் எனக்கு விளக்கிய விதத்தை இங்கே சொல்ல வேண்டும். "இங்க ஸ்ட்ரெய்ட்டா கட் பண்ணணும் தாத்தா. இந்த எட்ஜை சாய்ச்சு கட் பண்ணணும். இந்த லைனை மட்டும் லைட்டா கட் பண்ணணும்." மூன்றும் 'கட் பண்ணு'தான். ஆனால் அவள் கை மூன்று வெவ்வேறு வேலைகளைச் செய்தது. முதலாவதில் கத்தி செங்குத்தாக நின்று அடிவரை இறங்கியது, இரண்டு துண்டாயிற்று. இரண்டாவதில் கத்தி சாய்ந்து, ஓரத்தின் ஒரு விளிம்பை மட்டும் எடுத்தது. அப்படி எடுத்த இரண்டு ஓரங்களைச் சேர்த்து ஒட்டினால் மூலை மடங்கி நிற்கும். மூன்றாவதில் கத்தி பாதி ஆழத்துக்கும் குறைவாகவே சென்றது. வெப்பம் பட்டதும் அந்தக் கோடு தானே வாய் திறந்து, தகடும் தகடும் சேரும் இடம்போலத் தோன்றியது. தமிழில் முதலாவது அறுத்தல், இரண்டாவது சீவுதல், மூன்றாவது கீறுதல். துணியைக் கத்தரித்தாள், வாளின் கைப்பிடியைச் செதுக்கினாள், பிசிறுகளை நறுக்கினாள். தமிழ் அறிந்த கையாயின் ஆறு வினைகள். அவள் வாயில் ஒரே வினை.

என் முனைவர் பட்ட ஆய்வு தமிழ்க் கூட்டுவினைகளைப் பற்றியது. வேற்றுமொழிச் சொல்லோடு 'பண்ணு' சேர்ந்து வினையாகும் முறையைப் பற்றி ஓர் இயல் முழுவதும் எழுதியிருக்கிறேன். அது மொழியின் ஆற்றல் என்றும், எச்சொல்லையும் ஒரே அடியில் தமிழ் வினையாக்கிக்கொள்ளும் வசதி என்றும் எழுதினேன். இன்றும் அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த வசதியின் விலையை என் கூடத்துத் தரையில் நுரைத்துகள்களுக்கு நடுவே அமர்ந்திருந்தபோதுதான் கண்டேன். கை அறிந்திருந்த வேறுபாட்டை வாய் அறியவில்லை.

அடுத்து வெப்பம். சூடான காற்றை ஊதும் கருவியை நுரையின்மேல் ஓட்டினால் மேற்பரப்பின் நுண்துளைகள் மூடி மெல்லிய பளபளப்பு ஏறும். அந்த நொடியில் எடுத்துத் தொடைமேல் வைத்து வளைத்து, ஆறும்வரை பிடித்திருக்க வேண்டும். சற்று முன்னால் எடுத்தால் வளைவு நிற்காது; சற்றுப் பிந்தினால் கருகிச் சுருங்கும். தோள்பகுதிக்காக மட்டும் நான்கு துண்டுகள் வீணாயின. அவள் அழவில்லை. வீணான துண்டுகளின்மேல் நாளும் தவறும் குறித்து ஓர் அட்டைப்பெட்டியில் சேர்த்து வைத்தாள்.

பிறகு பசை. செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் அதே மஞ்சள் பசை. அதன் ஆவி தலையைச் சுற்றவைக்கும் என்பதால் சன்னல்களையெல்லாம் திறந்து, வடிகட்டி பொருத்திய முகக்கவசம் அணிந்தே வேலை செய்தாள். இரண்டு ஓரங்களிலும் பசையைத் தடவி, உடனே ஒட்டாமல் காத்திருக்க வேண்டும். ஈரம் போய்விட வேண்டும். ஆனால் காய்ந்துவிடக் கூடாது. சேர்த்துவிட்டால் பிரிக்க முடியாது. எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதற்குக் காணொளிகளில் பத்து நிமிடம் என்றார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் பத்து நிமிடம் போதவில்லை. இரண்டு முறை விட்டுப்போயிற்று. அருகில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி எழுந்து வந்து, விரல் முதுகால் பசையைத் தொட்டுப் பார்த்து, "இன்னும் பதம் வரலடி. இரு" என்றார். சற்றுப் பொறுத்து மீண்டும் தொட்டுப் பார்த்து, "இப்ப ஒட்டு" என்றார். ஒட்டியது, ஒட்டியதுதான். பாகு காய்ச்சுகையில் கம்பிப் பதம் பார்த்த விரல் அது. பேத்தி முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்: "பதம்னா என்ன பாட்டி?"

அவள் பள்ளியில் பதம் என்றால் பகுபதம், பகாப்பதம் என்று படித்திருந்தாள்.

வண்ணம் பூசுவதைப் பற்றி நான் கொண்டிருந்த எண்ணமும் பிழையாயிற்று. பல பூச்சு அடிப்பசை, அதன்மேல் கறுப்பு, அதன்மேல் வெள்ளி நிறம். புத்தம்புதிதாக மின்னிய கவசத்தை மறுநாள் அவள் பழசாக்கத் தொடங்கினாள்! நீர்த்த கறுப்பு மையைத் தடவித் துடைத்தாள்; அது கீறல்களுக்குள் தங்கிப் பழைய அழுக்காயிற்று. பிறகு வெள்ளி வண்ணத்தைத் தூரிகையில் தொட்டு, பெரும்பகுதியைத் துணியில் துடைத்துவிட்டு, எஞ்சியதை விளிம்புகளில் மட்டும் உரசினாள். எல்லா விளிம்புகளிலும் அன்று. "இவ வலது கையால வாள் பிடிக்கிறவ. அந்தப் பக்கம்தான் அதிகம் தேஞ்சிருக்கும்" என்றாள். ஓவியத்தில் அந்தத் தேய்மானம் இல்லை. அவளே வருவித்தது. நூற்பா சொல்லாமல் விட்டதை உரையாசிரியர் வருவித்து உரைப்பதை நான் முப்பது ஆண்டுகள் கற்பித்திருக்கிறேன். படத்தில் கவசத்தின் முன்புறம் மட்டுமே இருக்கும்; அது முதுகில் எப்படி மூடுகிறது, வார் எங்கே, கொக்கி எங்கே, அணிந்தவள் எப்படி அமர்வாள், எப்படிப் படியேறுவாள் என்பதை ஓவியர் கவலைப்படவில்லை. செய்பவர் கவலைப்பட்டாக வேண்டும். அந்தப் பாத்திரத்தின் தலை உச்சியில் ஒற்றை முடிக்கற்றை ஒன்று மேல்நோக்கி வளைந்து நிற்கும். பொய்முடியில் மெல்லிய கம்பியை நுழைத்து அதை நிறுத்துவதற்கு ஒரு சனிக்கிழமை முழுவதும் போயிற்று.

இவ்விடத்தில் வடதமிழகத்துக் கூத்துக் கலைஞர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கட்டைக்கூத்து என்னும் பெயரே அவர்கள் அணியும் மரத்தாலான அணிகளாகிய கட்டைகளால் வந்தது. கிரீடமும் தோளணியும் மார்புப் பதக்கமும் காண்பதற்குக் கனமாகத் தோன்ற வேண்டும். விடிய விடிய ஆடுபவனுக்கோ அவை இலேசாக இருக்க வேண்டும். அதற்காகவே கல்யாண முருங்கை போன்ற மென்மரத்தைத் தேர்ந்து குடைந்து, வண்ணத் தாளும் கண்ணாடித் துண்டுகளும் ஒட்டினார்கள். என் பேத்தி அக்கூத்தைக் கண்டதில்லை. அதிலிருந்து கற்றாள் என்று சொல்லிப் பெருமைப்படுவது பொய்யாகும். ஒரே சிக்கலுக்கு வேறு வேறு காலத்தில் வேறு வேறு கைகள் தேடிய விடைகள் என்பதே உண்மை. எனினும் கூத்துக் கலைஞரின் உழைப்பை மேடைகளில் புகழ்ந்த நான், இளையர்களின் அதே உழைப்பைப் பார்த்து முகம் சுளித்தது முறையன்று.

நவம்பர் மாதத்தில் ஒரு சிறு போட்டிக்கு அவளோடு சென்றேன். மேடையில் நடந்து காட்டுவது பிற்பகலில். அதற்கு முன்பாக ஓர் அறையில் நடுவர்கள் கைவேலையைப் பார்த்தார்கள். நடுவராக இருந்த பெண் என் பேத்தியைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். கவசத்தின் முன்புறத்தை அவர் அதிக நேரம் பார்க்கவில்லை. கழற்றச் சொல்லி, திருப்பி, உட்புறத்தை விரலால் தடவினார். ஆடையின் ஓரத்தைப் புரட்டி உள்தையலைப் பார்த்தார். பிசிறு அடக்கப்பட்டிருக்கிறதா, பட்டி மடித்து அடிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தார். அவையில் ஒருவர் கண்ணுக்கும் படாத இடம் அது. வீணான துண்டுகளின் அட்டைப்பெட்டியைப் பேத்தி திறந்து காட்டினாள். நடுவர் அதனருகில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இருவரும் ஆங்கிலத்தில் வெகுநேரம் பேசினார்கள். எத்தனை முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுகளில் நான் அமர்ந்திருக்கிறேன். தன் பிழைகளை இவ்வளவு தெளிவாக அறிந்த ஆய்வாளரை அரிதாகவே கண்டேன். பரிசு வேறொருவருக்குச் சென்றது. அவருடைய வேலை இவளுடையதைவிட நன்றாக இருந்தது என்று அவளே சொன்னாள்.

இடையே ஒரு செய்தி. இத்தகைய விழாக்களில், உடையணிந்து நிற்பவரை இசைவின்றித் தொடாதீர், இசைவின்றிப் படமெடுக்காதீர் என்று அறிவிப்புகள் வைக்கிறார்கள். தேவையிருப்பதால் வைக்கிறார்கள். பெண்பிள்ளைகளின் பெற்றோர் அஞ்சுவதில் நியாயம் உண்டு. அந்த அச்சத்தைப் பிள்ளையின் ஊக்கத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கடையில் வாங்கிய உடையை அணிந்து வருபவரைத் தாழ்வாகப் பேசும் வழக்கமும் சிலரிடம் இருக்கிறது. அதில் எனக்கு உடன்பாடில்லை. எல்லார் வீட்டிலும் பசையின் பதம் பார்க்கப் பாட்டி இருப்பதில்லை.

இனி நான் சொல்லத் தயங்கும் பகுதிக்கு வருகிறேன்.

மறு ஆண்டு அவளுக்குத் தமிழ் வாய்மொழித் தேர்வு வந்தது. காணொளி ஒன்றைக் காட்டி, அதையொட்டி உரையாடுவார்கள். ஓய்வு நேரம் பற்றிய கேள்வி எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பதால் நானே அவளைப் பயிற்றுவித்தேன். "கவசம் செய்வேன் என்று சொல்லாதே அம்மா. கேட்பவருக்குப் புரியாது, உனக்கும் சொல்ல வராது. நூல் வாசிப்பேன் என்று சொல். அதற்குரிய தொடர்களை நான் எழுதித் தருகிறேன்" என்றேன். எழுதியும் கொடுத்தேன். நூல்கள் அறிவை வளர்க்கும், நற்பண்புகளை ஊட்டும் என்றெல்லாம் பிழையற்ற தமிழில் ஒரு பக்கம். அவள் மனப்பாடம் செய்துகொண்டாள்.

கேள்வி அப்படியே வந்தது. அவளும் அப்படியே சொன்னாள். தேர்வாளர் அன்பானவராக இருந்திருக்கிறார். "நீ வாசித்த நூலில் உன் மனத்தைத் தொட்ட இடம் எது?" என்று கேட்டிருக்கிறார். என் தாளில் அதற்கு விடை இல்லை. அவள் பேசாமல் இருந்துவிட்டாள்.

மாலையில் வீடு திரும்பிப் பையை வைத்துவிட்டு, கோபமேயில்லாமல் சொன்னாள்: "கவசத்தைப் பத்திக் கேட்டிருந்தா அரை மணி நேரம் பேசியிருப்பேன் தாத்தா." சற்றுப் பொறுத்து, "ஆனா தமிழ்ல பேசியிருக்க முடியாது" என்றாள்.

அந்தப் பிள்ளை அணிந்த வேடங்களில் பொய் வேடம் ஒன்றுதான் உண்டு. அதைத் தைத்துக் கொடுத்தவன் நான். அதன் உட்புறத்தை யாரோ புரட்டிப் பார்த்தபோது அங்கே தையலே இல்லை.

அதன்பின் நாங்கள் இருவரும் ஒரு குறிப்பேடு தொடங்கினோம். பெயர்ச்சொற்களைப் பற்றி நான் கவலைப்படவில்லை. நுரைக்கு ஈவிஏ என்ற பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். காஸ்பிளேயும் அப்படியே இருக்கட்டும். நாங்கள் தேடியது வினைகளை. தேக்கா சந்தையின் மாடியில் தையற்காரர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் நின்றோம். காஜா எடுப்பது, ஓரம் மடித்து அடிப்பது, பிசிறு அடக்குவது, தையல் பிரிப்பது, உள்ளே துணி விட்டுத் தைப்பது என்று அவர் கைவேலை செய்துகொண்டே சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் சென்றோம். அவர் சீனர், மலாயில் விளக்கினார். அதுவும் குறிப்பேட்டில் இருக்கிறது. பாட்டியிடமிருந்து பதம், வாகு, மெருகு, தோய்த்தல், துவட்டுதல் முதலியவை வந்தன. என்னிடமிருந்து வந்தவை குறைவு. பதிற்றுப்பத்தில் கவசத்தை 'மெய்ம்மறை' என்பார்கள் என்று ஆவலோடு சொன்னேன். "நல்லாருக்கு" என்றாள், எழுதிக்கொள்ளவில்லை. அவளுக்கு அப்போது தேவைப்பட்டது, கவசத்தின் இரு பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று சிறிது ஏறி அமர்வதைச் சொல்லும் சொல். அதற்கு என்னிடம் உடனே விடை இல்லை.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பில் காஸ்பிளே செய்யும் பிள்ளை இருக்கலாம். மிதிவண்டியைப் பிரித்துப் பூட்டும் பிள்ளை, கேக் சுடும் பிள்ளை இருக்கலாம். ஒரு பாடவேளையில் அவர்களுள் ஒருவரைத் தம் கைப்பொருளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பெயர்கள் ஆங்கிலத்தில் வந்தால் இடைமறிக்காதீர்கள். 'கட் பண்ணினேன்' என்று அந்தப் பிள்ளை சொல்லும்போது, "எப்படி? செய்து காட்டு" என்று மட்டும் கேளுங்கள். கை செய்து காட்டியபின், அறுத்தாயா, சீவினாயா, கீறினாயா என்று கேளுங்கள். மாணவர்கள் உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லும் நிலை வரும், எனக்கும் வந்தது. முதலில் சற்றுக் கூச்சமாகத்தான் இருந்தது.

என் பேத்தி இப்போது தொடக்கக்கல்லூரியில் படிக்கிறாள். இவ்வாண்டு விழாவுக்கு ஓர் இணைச் சிறகு செய்துகொண்டிருக்கிறாள். இரண்டு மில்லிமீட்டர் நுரையில் அறுத்த இறகுகள், பக்கத்துக்கு நூற்றைம்பதுக்கு மேல். சென்ற வாரம் மேல்வரிசையிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தாள். கீழ் வரிசையை மேல் வரிசையின் அடியில் செருக முடியாமல் எல்லாவற்றையும் பிரிக்க நேர்ந்தது. "இப்படி ஒண்ணுமேல ஒண்ணு ஏறி வர்ற மாதிரி அடுக்குறதுக்குத் தமிழ்ல என்ன தாத்தா?" என்றாள். ஓராண்டுக்கு முன் அவள் கேட்டு நான் விடை சொல்லாத அதே கேள்வி. இம்முறை நினைவுக்கு வந்தது. வேய்தல். கூரை வேய்வது, மாலையும் முடியும் சூடுவதற்கும் அதே சொல். அவள் கீற்றுக் கூரையைக் கண்டதில்லை. கைப்பேசியில் ஒரு காணொளி தேடி எடுத்தோம். கூரைமேல் ஏறிய மனிதர் கீழ்வரிசையிலிருந்து கீற்றைப் பரப்பிக்கொண்டு மேலே போனார். அவள் இரண்டு முறை பார்த்தாள்.

மறுநாள் சிறகின் கீழ் நுனியிலிருந்து வேயத் தொடங்கினாள்.